குழாயை எந்தப் பக்கம் திருப்புவது?

எங்கள் வாடகை வீட்டின் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஒரு புத்தக அலமாரி, ஒரு பாய், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். குழாய் ரேடியோ என்று ஊர்ப்பக்கம் சொல்வோமே, அதேதான். வாய் அகலம் 16 அங்குலம். பொதுக்கூட்டத்திலும் திருவிழாவிலும் கல்யாண வீட்டுப் பந்தக்காலிலும் கட்டுகிற அதே அலுமினியக் குழாய்கள்.

படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பிகளும் தங்கைகளும் இவற்றைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதல் கேள்வி: இவ்வளவு சின்ன அறையில் இதைப் போட்டால் காது என்ன ஆகும்? இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறார்கள்: தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இந்தப் பொழுதுபோக்கு நமக்குத் தேவைதானா? இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

குழாய் வந்த வழி

நாங்கள் வேலை செய்யும் வட்டாரத்தில், காலனியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுக்கும் மேலாக மைக் செட் போட்டு வந்தார். பெட்டி ஸ்பீக்கர்கள் வந்த பிறகு குழாயைக் கேட்டு வருபவர்கள் குறைந்தார்கள். கூம்பு ஒலிபெருக்கி கட்டக் கூடாது என்று காவல் துறையும் பல இடங்களில் நிபந்தனை போடுகிறது. மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சாமான்களைக் காயலான் கடையில் எடைக்குப் போடப்போவதாகச் சொன்னார். இரண்டு குழாய், பின்னால் திருகி மாட்டும் இரண்டு அகுஜா யூனிட், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,500 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

"இரும்புக் கடைக்காரன் குடுக்கறதவிட ஜாஸ்தி குடுக்கறீங்களே, என்னாத்துக்கு?" என்றார்.

"வீட்ல பாட்டு கேக்கத்தான் ஐயா."

அவர் நம்பவில்லை. ஆனால் குழாய்களை வண்டியில் ஏற்றிவிட்டு, டீ குடித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். தொழில் தொடங்கிய காலத்தில் ஊர்த் திருவிழாவுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம். நான்கு குழாய் கட்டினால் அதில் ஒன்றைக் காலனிப் பக்கம் திருப்பச் சொல்வார்களாம். பறையடிக்க ஆள் வரச் சொல்வதும், தேர் கிளம்பிவிட்டது, இந்தத் தெருவுக்குள் வராதே என்பதும் காலனிக்குக் கேட்க வேண்டுமல்லவா? அதே பெரியவர் காலனியில் ஒரு கல்யாணத்துக்கோ ஏப்ரல் 14-க்கோ செட் போட்டால், "கொழாய ஊர்ப்பக்கம் திருப்பாத" என்று சொல்ல ஆள் வந்துவிடுமாம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பனைமரத்தில் ஏறி இரண்டு குழாயையும் ஏரியைப் பார்த்துக் கட்டினார். இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து கீழே இறங்கும். அதனால் பகலில் கேட்பதைவிட வெகுதூரம் கேட்கும். இது இயற்பியல் பாடம். அவருக்கு அது அனுபவம். "ஏரிக்கு அந்தாண்ட மூணு ஊருக்குக் கேட்டுது. திருப்பாதன்னு சொன்ன ஊருக்கு மட்டும் கொழா முதுகு" என்று சிரித்தார்.

தெரு, கிணறு, சுடுகாடு, டீக்கடை பெஞ்சு என்று தீண்டாமைக்கு வரைபடம் போடப் படித்திருக்கிறோம். முதுகலை சமூகவியலில் அதற்குத் தாள்கள் உண்டு. சத்தத்துக்கு ஒரு வரைபடம் போடலாம் என்று அந்த டீக்கடையில்தான் புரிந்தது. எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று குறித்தாலே போதும். யார் பேசலாம், யார் கேட்க மட்டும் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

குழாய் என்ன வேலை செய்கிறது

ஏரிக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடும்போது இரண்டு கைகளையும் வாயருகே குவிக்கிறோம். குழாயின் தத்துவம் அவ்வளவுதான். யூனிட்டுக்குள் ஒரு சின்ன சவ்வு அதிர்கிறது. திறந்த வெளியில் அது காற்றைத் தள்ளினால் காற்று சட்டென்று விலகிவிடும். தள்ளிய பலம் பெரும்பாலும் வீணாகும். குழாயின் குறுகிய தொண்டையில் அடைபட்ட காற்று சவ்வுக்கு எதிர்த்து நிற்கிறது. அந்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விரியும் பாதை வழியே வந்து, அகன்ற வாயில் அறைக் காற்றோடு கலக்கிறது. நாகசுரத்தின் முனையில் விரியும் அணசும் ஒலியை வெளிக்காற்றில் சேர்க்க உதவுகிறது.

இப்படி ஒரு தேவை ஏன் வந்தது? அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சக்தி மிகக் குறைவு. 1915-ல் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இரண்டு பொறியாளர்கள் மேக்னவாக்ஸ் என்ற ஒலிபெருக்கியைச் செய்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் முன் ஒலிக்கவிட்டார்கள். அது குழாய் மாட்டிய ஒலிபெருக்கிதான். 1920-களின் கடைசியில் சினிமா பேசத் தொடங்கியபோது திரைக்குப் பின்னால் நின்றவையும் பெரிய குழாய்களே. சில வாட் சக்தியை வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்குக் கேட்க வைக்க வேறு வழி அன்று இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சாதாரண வீட்டுப் பெட்டி ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் 86, 87 டெசிபல் அளவுக்குச் சத்தம் வரும். இந்த வகைக் குழாயில் அதே 1 வாட்டுக்கு 105 டெசிபலை ஒட்டி வரும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால், குழாய் செய்கிற வேலையைப் பெட்டி செய்ய 60 மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழாய்க்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே 75 டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குச் சத்தம் வேண்டுமென்றால் அதற்கும் குறைவாகப் போதும். மைல் கணக்கில் கத்தும் என்று பெயரெடுத்த குழாய், அறைக்குள் மெதுவாகவும் பேசும். மெதுவாகப் பேசும்போதும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும்.

கட்டிய விதம்

செய்து பார்க்க விரும்புபவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம்.

முதலில் யூனிட் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். 16 ஓம் யூனிட் என்றால் 12-ஐ ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கும். எங்களுக்கு வந்த இரண்டில் ஒன்று அப்படித்தான் இருந்தது. சவ்வும் காயிலும் சேர்ந்த டயாபிரம் தனியாகக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். மாட்டிக் கொடுத்தது பெரியவர்தான். காந்தத்தின் இடுக்கில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளை ஒட்டும் டேப்பால் தொட்டுத் தொட்டு எடுத்தார். காயில் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் கரகரக்கும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விரல் நுனியால் தொட்டே சரிபார்த்தார்.

இரண்டாவது, பழைய ஆம்ப்ளிஃபயரை அப்படியே மின்சாரத்தில் சொருகிவிடாதீர்கள். வால்வு வைத்த பழைய செட் என்றால் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைன் என்று போட்டிருக்கும் முனையும் கையில் பட்டால் அடிக்கும். எங்கள் செட்டைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு, இப்போதைக்கு இரண்டு சின்ன ஆம்ப்ளிஃபயர்களை வைத்திருக்கிறோம்.

எதற்கு இரண்டு? குழாயால் அடித்தொனியை எழுப்ப முடியாது. குழாய் வாயின் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அலைநீளம் வரைதான் அது நன்றாக வேலை செய்யும். 16 அங்குல வாய்க்கு அது 270 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அதற்குக் கீழே உள்ளதைக் குழாய்க்குக் கொடுத்தால் சவ்வு வீணாக ஆடிக் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முன்னால் தொடராக ஒரு 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டோம். துருவம் இல்லாத வகையாக இருக்க வேண்டும். 16 ஓமுக்கு அது ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸிலிருந்து கீழே உள்ளதைப் படிப்படியாகத் தடுக்கும். அடித்தொனிக்குப் பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு மரப்பெட்டி. அதன் ஆம்ப்ளிஃபயரில் டிரெபிளை முழுக்கக் குறைத்துவிட்டோம். குழாயின் ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் பாதியில் பாதிகூடத் திறக்கவில்லை.

மூன்றாவது, அலுமினிய வாயை விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். பாட்டோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வெளிப்பக்கம் இறுக்கிச் சுற்றினோம். மணி அடங்கியது. செலவு ஒன்றுமில்லை.

நான்காவது, திசை. குழாயின் ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். கீச்சென்ற மேல்தொனிகள் அந்த நேர்க்கோட்டில்தான் அதிகம். எதிரே உட்கார்ந்தால் காதில் குத்தும். இரண்டு குழாயும் கேட்பவருக்கு ஓரடி முன்னால் சந்திப்பதுபோல் உள்பக்கம் திருப்பி வைத்தோம். எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. பெரியதும் சின்னதுமாகப் புத்தகங்கள் அடுக்கியிருப்பதால், ஒலி மொட்டைச் சுவரில் பட்டதுபோல் எதிரொலிக்காமல் சிதறுகிறது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவருக்குக் குழாயின் முதுகுதான்.

என்ன கேட்கிறோம்

இதில் எல்லாப் பாட்டும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டோம். இன்றைய பாடல்களின் அடித்தொனி அதிர்வை இது தராது. ஆனால் மனிதக் குரல் வந்துவிட்டால், பாடுபவர் அலமாரிக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கும். ஒலிவாங்கி இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று உச்சத்தில் பாடிப் பழகியவர் கே.பி. சுந்தராம்பாள். அந்தக் குரலின் இடமும் குழாயின் இடமும் ஒன்றே. அன்றைய பதிவுகள் மோனோ என்பதால் ஒரு குழாயே போதும். பாதி நாள் அப்படித்தான் கேட்கிறோம்.

ஒரு வியப்பையும் சொல்ல வேண்டும். ஆண் குரலின் அடிப்படைத் தொனி 100 முதல் 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மரப்பெட்டியை அணைத்துவிட்டு வெறும் குழாயில் கேட்டாலும் அது ஆண் குரலாகவே கேட்கிறது. குழாயால் அந்தத் தொனியை எழுப்பவே முடியாதே! மேலே உள்ள தொனிகளை வைத்து, இல்லாத அடித்தொனியை நம் மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. கிராமத்துத் திடலில் நின்று தலைவர்களின் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் பாதிக் குரலைத்தான் கேட்டார்கள். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தம்பிகளோடு பாடிய காலத்தில், அந்தப் பாட்டைத் திடலுக்குக் கொண்டுபோனவை இந்தக் குழாய்கள்தான். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்தார். வானொலியும் ரெக்கார்ட் பிளேயரும் இல்லாத வீடுகள் இளையராஜாவைக் கேட்டது மைக் செட் புண்ணியத்தில்தான். எங்கள் அம்மாக்கள் பாட்டு கற்றுக்கொண்டதும் பக்கத்துத் தெருக் கல்யாணங்களில்தான். யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் பாட்டு எல்லாருக்கும் இலவசம்.

யார் போட்டால் சத்தம்?

வீடு தேடி அலைந்த கதை உங்களில் பலருக்கும் உண்டு. பெயர் கேட்பார்கள், சொந்த ஊர் கேட்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள், பிறகு "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். அப்படி ஆறு வீடு பார்த்து ஏழாவதாகக் கிடைத்தது இது. எதிர்வீட்டில் மார்கழி முழுக்க விடியற்காலையில் பாட்டு ஒலிக்கும். அது பக்தி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் சத்தம் அதிகமாக வந்தால் அது "அவங்க பழக்கம்" ஆகிவிடும். அதனால் குழாய் வந்த முதல் நாளே கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலியைப் போட்டு, வாசலில் நின்று அளந்தோம். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. கைப்பேசி அளவு துல்லியமில்லை என்பதால் அதிலும் கொஞ்சம் குறைத்தே வைக்கிறோம்.

இது பயமா, பண்பா என்று எங்களுக்குள் ஒரு நாள் பேச்சு வந்தது. இரண்டும்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டும் என்பது பண்பு. இதே அளவை எதிர்வீட்டில் யாரும் அளப்பதில்லை என்பது வேறு கணக்கு. சத்தத்தை டெசிபலில் அளக்கும் விதி எல்லாருக்கும் ஒன்று. சாதியில் அளக்கும் விதி ஒன்றும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் விதியை நாம் மதிப்போம், மற்றவர்களையும் மதிக்கச் சொல்வோம். இரண்டாவதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினரின் திருமண ஊர்வலத்தையும், சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களையும் தடுப்பது குற்றம். ஊர்வலத்தில் மைக் செட்டை நிறுத்தச் சொல்லி ஆள் வந்தால், நேரமும் டெசிபலும்தான் காரணமா, தெருதான் காரணமா என்று கேளுங்கள். கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் எழுதி வையுங்கள்.

ஆடம்பரமா?

இப்போது இரண்டாவது கேள்வி. ரசனை என்பது பிறவியில் வருவதல்ல, வர்க்கம் தன்னை வேறுபடுத்திக் காட்டிக்கொள்ளும் வழி என்று பியர் பூர்தியூ 1979-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். குழாய்கள் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். 1920, 30-களின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் திரையரங்குக் குழாய்களை ஜப்பானிலும் பிற நாடுகளிலும் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940-களில் அறை மூலைக்கென்று வடிவமைத்த மடிப்புக் குழாய்ப் பெட்டி இன்றும் விற்பனையாகிறது. அங்கே அது கலைப்பொருள். அதே தத்துவத்தில் இயங்கும் நம் குழாய் இங்கே கிலோ கணக்கில் போகிறது. அதைக் கட்டியவர் கலைஞராகவும் எண்ணப்படவில்லை, பொறியாளராகவும் எண்ணப்படவில்லை. "மைக் செட்டுக்காரன்", அவ்வளவுதான்.

எங்களுக்குச் செலவு 2,500 ரூபாயும், டயாபிரம், கெப்பாசிட்டர், சின்ன ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஏறக்குறைய இன்னொரு 4,000 ரூபாயும். ஆனால் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல என்று தெரியும். வன்கொடுமை நடந்த ஊரிலிருந்து உண்மை அறியும் குழுவோடு திரும்பி வந்த இரவில் பாட்டு கேட்கலாமா என்பதுதான் கேள்வி. கேட்கலாம் என்பது எங்கள் பதில். அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார். அவ்வளவு வேலைக்கு நடுவில், உடல்நலம் கெட்டிருந்த வயதில், ஒரு கருவியை முதல் பாடத்திலிருந்து கற்க உட்கார்ந்தார். யாருக்கும் நிரூபிப்பதற்காக அல்ல, தனக்குப் பிடித்திருந்ததற்காக. நம் துயரத்தை மட்டுமே கேட்க விரும்புகிற உலகம் ஒன்று இருக்கிறது. நம் மகிழ்ச்சி அதற்கு இரைச்சல். நம் வீட்டில், நமக்கு வேண்டிய அளவில், நமக்குப் பிடித்ததைக் கேட்பது அந்த உலகத்திடம் அனுமதி கேட்டுச் செய்கிற காரியம் அல்ல.

சென்ற மாதம் பெரியவர் வந்திருந்தார். ஒரு மணி நேரம் கேட்டார். நாற்பது ஆண்டு குழாய் கட்டியவர், குழாய்க்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இதுவே முதல் தடவை என்றார். எப்போதும் மரத்தின் மேல் இருப்பார், அல்லது ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருப்பார். "பாட்டுல வீணை இருக்குதுன்னே இப்பத்தான் தெரியுது" என்றார்.

உங்கள் ஊரிலும் கடையை மூடிக்கொண்டிருக்கும் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் இருப்பார். குழாய் வாங்க வேண்டும் என்றில்லை. ஒரு மாலை நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். எந்த ஆண்டு, எந்தத் திருவிழா, எத்தனை குழாய், எந்த மரம், எந்தப் பக்கம் திருப்பினீர்கள், யார் திருப்பச் சொன்னது என்று கேளுங்கள். குழாயைப் பிறகுகூடத் தேடிப் பிடித்துவிடலாம்.